விற்ற பைக் விபத்தில் சிக்கினால்: ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் ஸ்டேஷனுக்குப் போகவேண்டுமா?

பூட்டு ஊர்க்காரன்:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வயது 67, திண்டுக்கல்லில் இருக்கிறார். 2021 நவம்பரில் புதிதாக வாங்கிய பைக்கை 2024 மார்ச்சில் ஊரிலேயே ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடை) கொடுத்துவிட்டார். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பார்ட்டி கிடைத்ததும் நாங்களே டி.ஓ. (ஆர்.சி. பெயர் மாற்றம்) பண்ணிக்கொள்கிறோம் என்றார்கள். இன்று வரை ஆர்.சி. அப்பா பெயரில்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளாகக் கோவையிலிருந்து ஹெல்மெட் சலான் வர ஆரம்பித்தது. மூன்று வந்திருக்கிறது, ஒவ்வொன்றும் 1,000 ரூபாய். கன்சல்டிங்கில் கேட்டால் "பார்ட்டிகிட்ட சொல்லிட்டோம் சார்" என்பதோடு சரி. நேற்று கோவையில் ஒரு ஸ்டேஷனிலிருந்து ஃபோன். அந்த பைக் நடந்து போன ஒரு அம்மாவை இடித்து அவருக்குக் கால் எலும்பு முறிந்திருக்கிறது. "ஆர்.சி. ஓனர் நீங்கதானே, நாளைக்குக் காலையில வந்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை.

அவர் போயே ஆகவேண்டுமா? கைது செய்வார்களா? அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு யார் தரவேண்டும்? இன்ஷூரன்ஸ் வேறு முதல் வருடத்துக்குப் பிறகு கட்டவே இல்லை என்கிறார்.

கொங்கு ரைடர்:

ஓனர் மேலதான் முதல்ல கேஸ் போடுவாங்க அண்ணா. உடனே முன்ஜாமீன் போடுங்க, லேட் பண்ணாதீங்க.

கறுப்புக்கோட்டு:

கொங்கு ரைடர் தம்பி, வீணாகப் பயமுறுத்தாதீர்கள். இதில் முன்ஜாமீனுக்கு வேலையே இல்லை.

பூட்டு ஊர்க்காரன், இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கலந்துவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒன்று, கிரிமினல் வழக்கு. கவனக்குறைவாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 281, எலும்பு முறிவு என்பதால் கூடவே 125(பி). பழைய ஐ.பி.சி.யில் 279, 338 என்று இருந்தவைதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்களுக்கு மாறிவிட்டன. இரண்டுமே ஓட்டியவர் மேல் வருகிற குற்றங்கள். வண்டி உங்கள் பெயரில் இருந்தது என்பதற்காக இன்னொருவரின் கவனக்குறைவுக்கு நீங்கள் ஜெயிலுக்குப் போக முடியாது. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை என்பதால் ஓட்டியவரே ஸ்டேஷன் பெயிலில் வந்துவிடுவார். இதில் உங்கள் அப்பாவை எதற்குக் கைது செய்யப் போகிறார்கள்?

ஆனால் ஓனருக்கு ஒரு கடமை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி, அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார், அவர் முகவரி என்ன, லைசென்ஸ் விவரம் என்ன என்று போலீஸ் கேட்டால் சொல்லவேண்டும். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அப்பாவுக்கே பாதகமாகத் திரும்பும். "இந்தத் தேதியில் இந்தக் கடையில் ஒப்படைத்தேன், இதோ ரசீது" என்று சொல்வது வேறு. கன்சல்டிங்கில் டெலிவரி நோட் கொடுத்திருப்பார்களே, இருக்கிறதா?

இரண்டாவது, நஷ்டஈடு. இங்கேதான் உண்மையான ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓனர் என்றால் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதில் வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று பலமுறை மாறியிருந்தது. ஆனாலும் ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆள்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. அடிபட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதுதான் காரணம். சட்டம் அவர்கள் பக்கம் நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காலி ஃபார்மில் கையெழுத்து வாங்கிக்கொள்கிற ஆட்கள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை என்பதுதான் எரிச்சல்.

பூட்டு ஊர்க்காரன்:

ரொம்ப நன்றி சார். டெலிவரி நோட் இருக்கிறது. பீரோவில் கேஸ் சிலிண்டர் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். மஞ்சள் நிற கார்பன் காப்பி. தேதி, "மாலை 5.20 மணி முதல் வாகனத்தால் ஏற்படும் அனைத்துக்கும் நானே பொறுப்பு" என்ற வரி, கடை முத்திரை, ஒரு கையெழுத்து. யார் கையெழுத்து என்று படிக்க முடியவில்லை. கையெழுத்தின் பாதி ரெவென்யூ ஸ்டாம்ப் மேல் ஓடுகிறது.

கோவை போவது பற்றிச் சொல்லவில்லையே சார்?

கறுப்புக்கோட்டு:

அதற்கு வருகிறேன். அப்பா இதில் குற்றவாளி இல்லை, விவரம் தெரிந்த ஆள். அப்படிப்பட்டவரை விசாரிக்கக் கூப்பிடுவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179-ல் வருகிறது. பழைய சி.ஆர்.பி.சி.யில் 160. எழுத்து மூலமாகத்தான் கூப்பிடவேண்டும். தன் ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ பக்கத்து ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருக்கிறவரைத்தான் கூப்பிடலாம். இதைவிட முக்கியம், எந்த வயதுப் பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்குட்பட்ட பையன்கள், உடல்நலமில்லாதவர்கள் ஆகியோரை அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கவேண்டும். முன்பு 65 என்று இருந்தது, புதிய சட்டத்தில் 60 ஆகிவிட்டது. அவராகவே விரும்பிப் போனால் அது வேறு. ஆக ஃபோனில் "நாளைக்கு வா" என்றால் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறவேண்டிய அவசியம் சட்டப்படி அப்பாவுக்கு இல்லை.

ஓய்வு ரைட்டர்:

வக்கீல் சார் சொல்வது சட்டப்படி சரி. நான் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன்.

ஆக்சிடென்ட் கேஸில் விசாரணை அதிகாரிக்கு முதலில் வேண்டியது நாலு பேப்பர்: ஆர்.சி., இன்ஷூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ், எம்.வி.ஐ. ரிப்போர்ட். வண்டியைப் பிடித்து வைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக், லைட் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் அந்த கடைசிப் பேப்பர். ஓனரைக் கூப்பிடுவதே முக்கால்வாசி இதற்காகத்தான். ஓனர் வாயே திறக்காமல் இருந்தால், ஓட்டியவன் "ஓனர்தான் ஓட்டச் சொன்னார், அவர் கிட்ட வேலை செய்யிறேன்" என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுவான். நான் பார்த்திருக்கிறேன். முதல் ஸ்டேட்மென்ட் எப்படிப் பதிவாகிறதோ, கேஸ் கடைசி வரை அதன் பின்னாலேயே போகும்.

அதனால் வரமாட்டேன் என்று சட்டம் பேசவேண்டாம். "அய்யா, வயசு 67, இவ்வளவு தூரம் வர முடியாது, வண்டி 2024 மார்ச்சிலேயே கைமாறிவிட்டது, விவரத்தை எழுதி அனுப்புகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் கடிதம், டெலிவரி நோட் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் நம்பர் வாட்ஸாப்பில் இருந்தால் அதிலும் போடுங்கள். ஒரிஜினல் டெலிவரி நோட்டை மட்டும் யார் கேட்டாலும் ஒப்புகை எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். நான் இருந்த பக்கத்தைப் பற்றியே சொல்கிறேன், பேப்பர் காணாமல் போவது சகஜம்.

அப்புறம், எஃப்.ஐ.ஆர். நம்பர் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். காப்பியை எடுத்துவிடலாம். அதில் குற்றம் சாட்டப்பட்டவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கொங்கு ரைடர்:

சாரிங்க, நான் தெரியாம சொல்லிட்டேன். ஒரு டவுட், சி.எஸ்.ஆர். போட்டிருந்தாலும் இதே மாதிரிதானா?

ஓய்வு ரைட்டர்:

இல்லை தம்பி. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு ரசீது, அவ்வளவுதான். வழக்குப் பதிவானதாக அர்த்தம் இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி தீர்ப்பு வந்தது. புதிய சட்டத்தில், மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றம் என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தால் எஸ்.பி.க்கு எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

மல்லிகைப்பந்தல்:

எல்லாரும் ஓனர் எப்படித் தப்பிப்பது என்றே பேசுகிறீர்கள். அடிபட்ட அந்த அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். எங்கள் வீட்டில் இதே கதை மறுபக்கத்திலிருந்து நடந்தது. என் மாமியாரை ஸ்கூட்டரில் வந்தவன் இடித்துத் தள்ளிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே "ரோடு ஆக்சிடென்ட்" என்று சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லவேண்டும். இடித்தவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவான், "செலவை நான் பார்த்துக்கறேன்மா, கீழே விழுந்துட்டதாச் சொல்லுங்க" என்பான். எங்கள் வீட்டு ஆண்களும் பாவம் சின்னப் பையன் என்று தலையாட்டப் பார்த்தார்கள். நான்தான் விடவில்லை. ஏ.ஆர். காப்பியில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று ஏறிவிட்டால் அப்புறம் நஷ்டஈட்டை முடிவு செய்யும் டிரிப்யூனலில் இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இடித்தவன் இரண்டாம் நாளிலிருந்து ஃபோன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது, அதில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலும்தான். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. இது தெரியாமல் நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பூட்டு ஊர்க்காரன் அண்ணா, உங்கள் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்குக் காலில் கட்டுப் போட்டு எழுந்து நிற்கவே மாதக்கணக்காகும்.

பூட்டு ஊர்க்காரன்:

நீங்கள் சொல்வது நியாயம்தான் அக்கா. அப்பாவும் முதலில் கேட்டது "அந்தம்மா எப்படி இருக்காங்க" என்றுதான். இன்ஷூரன்ஸ் இருந்தால் அவர்களுக்கும் கிடைக்கும், எங்களுக்கும் நிம்மதி. அதுதான் இல்லையே.

கறுப்புக்கோட்டு:

ஒரு நிமிடம். வண்டி 2021 நவம்பரில் ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்தது என்றீர்களே? அப்படியானால் பாலிசியை எடுத்து மறுபடி பாருங்கள்.

2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு விற்ற புது டூவீலர் எல்லாவற்றுக்கும் ஐந்து வருட தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான இன்ஷூரன்ஸ்) சேர்த்தே எடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி விதி வந்தது. காருக்கு மூன்று வருடம். ஷோரூமில் பெரும்பாலும் ஒரு வருட ஓன் டேமேஜ், ஐந்து வருட தேர்ட் பார்ட்டி என்று ஒரே தாளில் போட்டுக் கொடுப்பார்கள். முதல் வருடம் முடிந்ததும் "உங்கள் பாலிசி முடிகிறது" என்று மெசேஜ் வரும். அது உங்கள் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான பகுதி மட்டும்தான். நிறைய பேர் மொத்தமும் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பாலிசித் தாளில் இரண்டு தேதி வரிசை இருக்கும், இரண்டாவதைப் பாருங்கள்.

பூட்டு ஊர்க்காரன்:

சார், தெய்வமே! இப்போதுதான் அப்பா வாட்ஸாப்பில் அனுப்பினார். ஓன் டேமேஜ் 2022 நவம்பரோடு முடிந்திருக்கிறது. அதற்குக் கீழேயே "லயபிலிட்டி" என்று போட்டு 2026 நவம்பர் வரை என்று இருக்கிறது. விபத்து நடந்தது இந்த மே மாதம். அப்படியென்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் பாலிசி அப்பா பெயரில். விற்றுவிட்ட வண்டி என்று கம்பெனி கைவிரிக்காதா?

கறுப்புக்கோட்டு:

தேர்ட் பார்ட்டியில் அப்படிக் கைவிரிக்க முடியாது. 157-வது பிரிவின்படி வண்டி கைமாறினால் பாலிசியும் வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே கருதவேண்டும். ஆர்.சி.யும் பாலிசியும் இரண்டுமே அப்பா பெயரில் இருப்பதால் இங்கே அந்தச் சிக்கல்கூட இல்லை. ஓன் டேமேஜ் என்றால்தான் கம்பெனி வாதம் பண்ணும்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்கவேண்டியது: ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா? இல்லையென்றால், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று டிரிப்யூனல்கள் உத்தரவிடுவது வழக்கம். கோர்ட் வட்டாரத்தில் "பே அண்ட் ரெக்கவர்" என்போம். அப்போது டெலிவரி நோட்டுக்கு மறுபடி வேலை வரும். வண்டி என் கட்டுப்பாட்டிலேயே இல்லை, லைசென்ஸ் இல்லாதவரிடம் நான் கொடுக்கவில்லை என்று காட்ட அதுதான் ஆதாரம். எதிர்வாதம் வரத்தான் செய்யும்.

இப்போது செய்யவேண்டியது: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து பற்றி எழுத்தில் தெரிவியுங்கள், பாலிசி நகலை விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். கோவையிலிருந்து எம்.சி.ஓ.பி. (விபத்து நஷ்டஈட்டு மனு) நம்பர் போட்டு சம்மன் வரும். வந்தால் "நாங்கதான் வித்துட்டோமே" என்று அலமாரியில் போட்டுவிடாதீர்கள். ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கி, நீங்கள் இல்லாமலே முடிவு செய்துவிடுவார்கள், டெலிவரி நோட் இருந்தும் காட்ட ஆளில்லாமல் போகும். மல்லிகைப்பந்தல் மேடம், அந்தம்மா வீட்டார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், மனுப் போடச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது. தங்கள் ஊர் டிரிப்யூனலிலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கூப்பிடலாம்.

டவுன் பஸ்:

இழைக்குள் இழை போடுகிறேன், மன்னிக்கவும். நேற்று டிராபிக் போலீஸ்காரர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார். மொபைலில் ஆர்.சி. போட்டோ காட்டினேன், செல்லாது என்றார். எது சரி?

ஓய்வு ரைட்டர்:

போட்டோ செல்லாது என்றது சரி. கேலரியில் இருக்கும் படம் யார் வேண்டுமானாலும் எடிட் பண்ணக்கூடியது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் ஆப்பிலோ திறந்து காட்டினால் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். சாவியை உருவலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக எங்கும் எழுதவில்லை. பதிவோ லைசென்ஸோ இல்லாமல் ஓட்டினால் வண்டியையே பிடித்து வைக்க 207-ல் அதிகாரம் இருக்கிறது, அதற்கு ரசீது கொடுக்கவேண்டும். நிற்காமல் ஓடுகிறவன் அதிகம் என்பதால் பழக்கமாகிவிட்டது. நடுரோட்டில் அதற்காகக் கட்டிப் புரளவேண்டாம், பேட்ஜில் பெயரைப் பார்த்துக்கொண்டு வந்து கமிஷனர் ஆபீஸுக்கு எழுதுங்கள்.

சலான் மெசேஜ் பற்றி இன்னொன்று. வாட்ஸாப்பில் ஏ.பி.கே. ஃபைலாக வரும் சலான் எல்லாமே மோசடி. பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் எண் 1930.

மல்லிகைப்பந்தல்:

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் அம்மா ஸ்கூட்டியில் டியூஷன் போகிறான். சொன்னால் "16 ஆயிடுச்சே, லைசென்ஸ் வாங்கலாம்" என்கிறார்கள்.

கறுப்புக்கோட்டு:

16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும். இன்றைக்குத் தெருவில் ஓடுகிற ஸ்கூட்டர்கள் 110, 125 சி.சி. அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாட்டினால் 199ஏ: பெற்றோர் அல்லது ஓனருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மோட்டார் சட்டத்திலேயே இதுதான் வீட்டாரை நேராகப் பிடிக்கிற பிரிவு. இதற்கு மட்டும் நான் அனுதாபப்படுவதில்லை. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத சின்ன எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, வேண்டுமானால் அதை வாங்கித் தரட்டும். இல்லாவிட்டால் சைக்கிள்.

பூட்டு ஊர்க்காரன்:

நண்பர்களே, நிலவரம் சொல்கிறேன். ஓய்வு ரைட்டர் அய்யா சொன்னபடியே பேசினோம், கடிதமும் போனது. எஃப்.ஐ.ஆர். காப்பி எடுத்துப் பார்த்தோம், ஓட்டிய பையன் பெயர்தான் இருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறதாம். ஏட்டய்யா பாலிசி வந்ததும் "இது போதும் பெரியவரே, தேவைப்பட்டா நாங்களே வர்றோம்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

மிச்சம் இருப்பது ஹெல்மெட் சலான் 3,000 ரூபாய். கட்டித் தொலைத்துவிடலாமா? அப்புறம் ஆர்.சி.யை எப்படி மாற்றுவது? கன்சல்டிங் ஆள் இன்னும் நாளை நாளை என்கிறார்.

கொங்கு ரைடர்:

3,000 தானே, கட்டிட்டு வேலையப் பாருங்கண்ணா. வக்கீலுக்கு அதவிட ஜாஸ்தி ஆகும்.

கறுப்புக்கோட்டு:

காசுக் கணக்கில் தம்பி சொல்வது சரி. ஆனால் டிரிப்யூனல் வழக்கு வரப்போகிற நேரத்தில் "வண்டி என்னிடம் இல்லை" என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, இன்னொரு பக்கம் அதே வண்டியின் ஹெல்மெட் அபராதத்தைத் தன் பெயரில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டிய பையனையே கட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் சலானை எதிர்ப்பதாகப் பதிவுசெய்து கோர்ட்டில் டெலிவரி நோட்டைக் காட்டலாம்.

ஆர்.சி. விஷயம்: விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றவேண்டும் என்று 50-வது பிரிவு சொல்கிறது. கெடு போனாலும் இப்போதே எழுதிப் போடுங்கள். இன்றைய தேதியிலாவது பதிவாகட்டும். 2023 ஏப்ரலில் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் ஒப்படைத்ததை முறையாக ஆன்லைனில் தெரிவித்துவிட்டால் அந்த டீலரே ஓனராகக் கருதப்படுவார். உங்கள் கன்சல்டிங்குக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். இல்லை என்றால் அதையே ஒரு வரியாகச் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் விடுங்கள், "நாளை" என்ற பேச்சு நின்றுவிடும்.

வண்டி இன்னும் ஸ்டேஷனில்தானே நிற்கிறது? வெளியே எடுக்கக் கோர்ட்டில் மனுப் போடவேண்டியவர் பதிவு உரிமையாளர்தான். அந்தப் பையன் எப்படியும் உங்கள் அப்பாவின் கையெழுத்துக்கு வந்து நிற்பான். டி.ஓ.வையும் சலானையும் முடித்தால்தான் கையெழுத்து என்று அப்போது சொல்லுங்கள்.

பூட்டு ஊர்க்காரன்:

சார், நேற்றே வந்துவிட்டான். கூடவே கன்சல்டிங் ஆளும். அப்பா ஃபார்ம் 29-ஐ அவர் கையில் கொடுத்து "முதல்ல பேரை எழுதுங்க, அப்புறம் பேசலாம்" என்றாராம்.